சி மொழியில் போர்ட் எண்ணைச் சரிபார்க்க

பயனர் எழுத்துச் சரமாகத் தரும் போர்ட் எண்ணை (கணினியில் எந்த நிரலுக்கான இணைப்பு என்று காட்டும் எண்) எண் மதிப்பாக மாற்ற ஏடுஐ (atoi) செயற்கூற்றைப் பயன்படுத்தாதீர்கள், ஸ்ட்ர்டோல் (strtol) பயன்படுத்துங்கள். முதல் எழுத்து இலக்கமா, மாற்றம் சரத்தின் இறுதிவரை சென்றதா, மதிப்பு 1 முதல் 65535-க்குள் இருக்கிறதா என மூன்றையும் சோதியுங்கள். அடிமானம் 10 (பதின்ம எண்) என்று வெளிப்படையாகக் கொடுங்கள்.

ஏடுஐ, "80அஆ" என்பதை 80 என்றே ஏற்கும். வெறும் எழுத்துகளுக்கு 0 தரும். பிழை நடந்ததே தெரியாது. 65616 என்ற எண்ணை வரம்பு பார்க்காமல் 16 பிட் மாறியில் வைத்தால் அது சத்தமின்றி 80 ஆகிவிடும். இதுதான் மிக ஆபத்தானது. ஆகவே ஸ்ட்ர்டோல் தரும் விடை லாங் (long) மாறியில் இருக்கும்போதே வரம்பைப் பாருங்கள். முதல் எழுத்துச் சோதனை எதற்கென்றால், முன்னால் வரும் இடைவெளியையும் கூட்டல், கழித்தல் குறிகளையும் ஸ்ட்ர்டோல் அனுமதித்துவிடும்.

ஐபி முகவரியைச் சரிபார்க்க ஐநெட்_பிடான் (inet_pton) போதும். ஆனால் விடை 1 தானா என்று ஒப்பிடுங்கள்: தவறான முகவரிக்கு 0 வரும், ஆதரிக்கப்படாத முகவரி வகைக்கு -1 வரும். வெறும் இஃப் (if) சோதனை அந்த -1-ஐயும் வெற்றியாக எடுத்துக்கொள்ளும்.

கணினிப் பெயரோ சேவைப் பெயரோ வரக்கூடிய இடத்தில் இந்த வழி உதவாது. அங்கே பெயரை முகவரியாக மாற்றித் தரும் கெட்ஆட்ர்இன்ஃபோ (getaddrinfo) வேண்டும். வரம்புக்கு ஒரு விதிவிலக்கு: காலியான போர்ட்டை இயங்குதளமே தேர்ந்தெடுக்கட்டும் என்று பைண்ட் (bind, போர்ட்டை நிரலுடன் இணைத்தல்) செய்யும்போது போர்ட் எண்ணாக 0-ம் செல்லும்.