142 அனுப்பினேன், 660 வந்தது: ஸ்ட்ரக்ட் அலைன்மென்ட்டைக் கட்டம் போட்டுப் புரிந்துகொள்வோம்

கடலூரில் ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் எல்லோர் கண்ணும் கெடிலத்தின் மேல்தான். போன மழைக்கு முன்னால், ஆற்றின் நீர்மட்டத்தை அளக்க ஆர்டுயினோ யூனோ ஆர்3 என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் சின்னக் கருவி ஒன்று செய்தேன். சென்சார் அளந்தது 142 சென்டிமீட்டர். லேப்டாப் காட்டியதோ 660. வயர், பேட்டரி, சென்சார் என்று மாற்றி மாற்றிப் பார்த்ததில் இரண்டு நாள் போனது. கடைசியில் தவறைக் காட்டிக்கொடுத்தது ஒரு கணக்கு நோட்டு. நீங்களும் கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். சி மொழியில் ஸ்ட்ரக்ட் எழுதத் தெரிந்தால் போதும்.

படி 1: கட்டம் வரையுங்கள்

ஒரு கட்டம், ஒரு பைட். 12 கட்டங்கள் வரைந்து 0 முதல் 11 வரை எண் போடுங்கள். ஒவ்வொரு அளவையும் யூனோ ஒரு ஸ்ட்ரக்டாக அனுப்பும், லேப்டாப் அதே ஸ்ட்ரக்டாக வாசிக்கும். அதில் இருந்தவை, இதே வரிசையில்: நிலைய எண் 1 பைட், நேரம் 4 பைட், நீர்மட்டம் 2 பைட். கூட்டினால் 7.

படி 2: லேப்டாப்பின் விதிப்படி நிரப்புங்கள்

4 பைட் எண், 4ஆல் வகுபடும் கட்டத்தில்தான் தொடங்கும். 2 பைட் எண்ணுக்கு இரட்டைப்படைக் கட்டம் வேண்டும். இதுதான் அலைன்மென்ட். ஆகவே நிலைய எண் 0இல். நேரம் 1இல் தொடங்க முடியாது. 1, 2, 3 காலி. 4 முதல் 7 வரை நேரம். 8, 9இல் நீர்மட்டம். அதோடு முடியவில்லை. இதே ஸ்ட்ரக்ட் அரேயில் அடுத்தடுத்து வந்தால் அடுத்ததன் நேரமும் 4இன் மடங்கில் விழ வேண்டுமே! அதனால் 10, 11உம் காலி. மொத்தம் 12. இந்தக் காலிக் கட்டங்கள்தான் பேடிங்.

ஏன் இப்படி இடத்தை விட வேண்டும்? லேப்டாப்பில் இருப்பது போன்ற 32, 64 பிட் ப்ராசசர்கள் மெமரியை ஒவ்வொரு பைட்டாக எடுப்பதில்லை, கத்தை கத்தையாக எடுக்கின்றன. ஒரு எண் இரண்டு கத்தைகளில் பிரிந்து கிடந்தால் இரண்டு முறை எடுத்து ஒட்ட வேண்டும். இன்டெல், ஏஎம்டி சிப்கள் பெரும்பாலும் அதைச் செய்துகொடுத்துவிடும். சின்னக் கருவிகளில் வரும் ஆர்ம் கோர்டெக்ஸ் எம்0 சிப் செய்யாது. ஹார்டு ஃபால்ட் என்ற பிழை அடித்து நின்றுவிடும்.

படி 3: யூனோவின் வரிசையை மேலே வையுங்கள்

யூனோவில் இருப்பது 8 பிட் ஏவிஆர் சிப். அது பைட் பைட்டாகவே எடுப்பதால் பேடிங் தேவையில்லை; அதே ஸ்ட்ரக்ட் அங்கே 7 பைட்தான். அது அனுப்பும் இரண்டு அளவுகளை ஒட்டினாற்போல் 14 கட்டங்களில் எழுதி, கீழே லேப்டாப்பின் 12 கட்டங்களை வையுங்கள். நீர்மட்டத்தை லேப்டாப் தேடும் 8, 9ஆம் கட்டங்களுக்கு மேலே என்ன இருக்கிறது? இரண்டாவது அளவின் நேரம். கருவி ஓடத் தொடங்கி அப்போது 660 வினாடி ஆகியிருந்தது!

படி 4: சரிசெய்யுங்கள்

பெரியதை முதலில் வையுங்கள்: நேரம், நீர்மட்டம், நிலைய எண். லேப்டாப்பில் 12 பைட் 8 ஆகிவிடும். யூனோவில் இன்னமும் 7தான், இதில் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். கடைசியில் 1 பைட் வெற்று உறுப்பு ஒன்றை நீங்களே சேர்த்தால் இரண்டு பக்கமும் 8. சும்மா இன்ட் என்று எழுதாமல், பைட் அளவு தெரிந்த வகையையே எழுதுங்கள். இன்ட் யூனோவில் 2 பைட், லேப்டாப்பில் 4.

ஸ்ட்ரக்டுக்குப் பேக்டு (பேடிங் வேண்டாம் என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு) என்று போட்டால் போதாதா என்று கேட்கலாம். பேடிங் போய்விடும், சரி. ஆனால் உள்ளே கோணலாக உட்கார்ந்திருக்கும் நேரத்தைச் சாதாரண பாயின்டரால் தொட்டால் கோர்டெக்ஸ் எம்0 விழுந்துவிடும். மெம்காப்பியால் ஒரு தனி மாறிக்கு எடுத்துக்கொள்வதையே நான் சொல்வேன்.

படி 5: சோதித்துப் பாருங்கள்

நோட்டில் வந்த விடையை இரண்டு பக்கமும் சைஸ்ஆஃப் (மொத்த அளவு), ஆஃப்செட்ஆஃப் (உறுப்பு தொடங்கும் கட்டம்) கொண்டு சரிபாருங்கள். அப்புறம் ஒரு பயிற்சி: ஒரு ஸ்ட்ரக்டில் ஒரு கேர் (1 பைட்), அடுத்து ஒரு டபுள் (வழக்கமாக 8 பைட்). 64 பிட் இன்டெல் லினக்ஸில் 16 பைட், 32 பிட் ஆர்ம் லினக்ஸிலும் 16. 32 பிட் இன்டெல் லினக்ஸில் 12 மட்டுமே, ஏனென்றால் அங்கே ஸ்ட்ரக்டுக்குள் டபுள் 4இன் மடங்கில் உட்காரலாம். யூனோவில் டபுளே 4 பைட் என்பதால் 5. நான்கையும் கட்டம் போட்டு வரவழையுங்கள்.