ஏற்காட்டில் வீடு கட்டப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கடலோரத்தில் இடம் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, உயர் அலைக் கோட்டிலிருந்து (அலையேற்றத்தில் கடல்நீர் எட்டும் எல்லை) எத்தனை மீட்டர் என்பதை. 1991 முதல் அங்கே கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. கடலை ஒட்டி 500 மீட்டர் வரை பிடிக்கும். மலையில் தூரக் கணக்கு கிடையாது, கிராமப் பட்டியல்தான் கணக்கு. 1990-ல் அரசு அமைத்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தை எல்லோரும் ஹாகா (HACA) என்பார்கள். அதன் கட்டுப்பாட்டுக்குள் வரும் கிராமங்களின் பட்டியலில் ஏற்காடு வட்டத்துக் கிராமங்கள் இருக்கின்றன. கீழே சேலம் நகரத்து அஸ்தம்பட்டியில் வீடு கட்டிய அனுபவம் மலைமேலே அவ்வளவாகக் கைகொடுக்காது.

படி 1: வருவாய்க் கிராமத்தின் பெயரைக் கேளுங்கள்

தரகர் சொல்வது குக்கிராமத்தின் பெயராக இருக்கும், இல்லாவிட்டால் எஸ்டேட்டின் பெயர். பட்டியல் வருவாய்க் கிராமத்தின் பெயரில்தான் போகும். அந்தப் பெயரையும் புல எண், உட்பிரிவு எண்ணையும் வாங்கிக்கொண்டு, அது பட்டியலில் இருக்கிறதா என்று மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

படி 2: காகிதங்கள்

பட்டா, அ-பதிவேடு (கிராம நிலங்களின் பதிவேடு), புலப்படம் (புல எண்ணின் எல்லை வரைபடம்) மூன்றையும் அரசின் இணையச் சேவையிலேயே எடுக்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத்துறை தளத்தில் கிடைக்கும். புலப்படத்தில் ஓடை ஓடுகிறதா, பக்கத்துப் புல எண் காப்புக்காடா என்று பாருங்கள். மலைவாழ் மக்களுக்கு அரசு ஒப்படை செய்த நிலமாக இருந்தால் நிபந்தனைகளைப் படிக்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

“சார், பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு, கண்ணை மூடிட்டு வாங்கலாம்” என்பார்கள். மனைப் பிரிவுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. அங்கீகாரமில்லாத மனையைப் பதிவது 2016-க்குப் பிறகு கடினமாகிவிட்டதால், அதே துண்டுகளை ‘பண்ணை நிலம்’ என்று பெயர் மாற்றி விற்கிறார்கள். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதற்காக வீடு கட்ட அனுமதி வந்துவிடாது. விளம்பரத்தில் இதை மட்டும் போட மாட்டார்கள்!

படி 3: சரிவை நீங்களே அளந்து பாருங்கள்

புலப்படத்தில் எல்லைக் கோடுகள் இருக்கும், ஏற்ற இறக்கம் இருக்காது. கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர் டியூப் ஒன்று போதும். வீடு வரப்போகும் இடத்தில் ஒரு குச்சியை நடுங்கள். சரிவின் போக்கிலேயே, நேர்மட்டத்தில் 10 மீட்டர் தள்ளி இன்னொன்று. டியூபின் இரு முனைகளையும் குச்சிகளோடு சேர்த்துப் பிடித்து, காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் அடங்கியதும் இரண்டிலும் கோடு போடுங்கள். கோட்டிலிருந்து தரை வரை அளந்தால், மேல் குச்சியில் 30 செ.மீ., கீழ்க் குச்சியில் 2 மீ. 30 செ.மீ. என்று வருகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 2 மீட்டர்; அதாவது 20 சதவீதச் சரிவு. 4 மீட்டர் வந்தால் 40 சதவீதம். நான் அந்த இடத்தை விட்டுவிடுவேன்.

காரணம் எளிது. சமதளம் வேண்டுமென்று பொக்லைனை விட்டு அடிவாரத்தை வெட்டினால், மேலே உள்ள மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். மழைநீர் உள்ளே இறங்க இறங்க மண்ணின் எடை கூடும், ஒட்டும் தன்மை குறையும். தடுப்புச் சுவர் கட்டினாலும் நீர் வடியத் துளை விடாவிட்டால் சுவரே சாயும். வெட்டிய மண்ணை லாரியில் வெளியே கொண்டுபோகக் கனிமத்துறை அனுமதி தனியாக வேண்டும்.

படி 4: மரக் கணக்கு

காபித் தோட்டத்தில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக், பலா எல்லாம் இருக்கும். பட்டா நம் பெயரில், மரமும் நம்முடையது. வெட்டினால் என்ன என்று கேட்காதீர்கள். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955-ன்படி அந்தச் சட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்டக் குழுவின் எழுத்துப்பூர்வ முன் அனுமதி தேவை. ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எடுத்து, மனை வரைபடத்தில் குறியுங்கள். இந்த வரைபடத்தைக் கொடுத்த பிறகுதான் பொறியாளர் பிளான் போட வேண்டும். பிளானைப் போட்டுவிட்டு மரத்தைத் தேடினால், வெட்டச் சொல்லித்தான் பிளான் வரும்.

படி 5: விண்ணப்பம்

வீடு கட்ட அனுமதி கேட்கும்போது, சமஉயரக் கோடுகளுடன் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) சர்வேயர் வரைந்த படம், மரப் பட்டியல், கட்டட வரைபடம், நில ஆவணங்கள் எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் கருத்தும் கேட்கப்படும். ஒவ்வொரு கோப்பின் நகலையும் தேதி முத்திரையோடு கையில் வைத்திருங்கள்.

அப்புறம் தண்ணீர். போர்வெல் போட ஊராட்சி அனுமதியை முதலில் வாங்குங்கள், பிறகு வண்டியை வரச் சொல்லுங்கள். மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம்தான். ஆனால் சமவெளியில் செய்வதுபோல உறிஞ்சுகுழியைத் தடுப்புச் சுவருக்கு மேல்பக்கம் வெட்டாதீர்கள். இறங்கும் நீர் முழுக்கச் சுவரைத் தள்ளும். தொட்டியில் பிடித்துக்கொள்ளுங்கள், வழிவதைக் குழாய் வைத்து ஓடைப் பக்கம் விடுங்கள்.