நிர்வாகியாயிருந்து துணைவேந்தரானவரின் பணி வரலாற்றை எழுதுவது எப்படி?

வேலூர்ப் பகுதிக் கல்லூரிகளின் ஆண்டு மலர்களிலும் பாராட்டு விழா மலர்களிலும் வரும் பணி வரலாறுகளில் பெரும்பாலானவை, வகித்த பதவிகளை ஆண்டு வாரியாக அடுக்கி, பெற்ற விருதுகளைச் சொல்லி முடிந்துவிடுகின்றன. அரசுப் பணியிலோ பன்னாட்டு அமைப்பிலோ உயர்ந்த பொறுப்பு வகித்து, பின்னர் பல்கலைக்கழகத்தை நடத்த வந்த ஒருவரைப் பற்றி எழுதும்போது இந்த முறை போதாது. ஆணையிட்டுப் பழகியவர், ஆணை மட்டும் செல்லுபடியாகாத ஓரிடத்தில் என்ன செய்தார் என்பதுதான் அத்தகைய வாழ்க்கையில் எழுதத்தக்க செய்தி. அதை மையமாக வைத்துக்கொண்டே தகவல் திரட்டத் தொடங்குங்கள்.

முதலில் ஊரையும் ஆண்டையும் சரி செய்துகொள்ள வேண்டும். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான மால்கம் ஆதிசேசையா 1910-இல் வேலூரில் பிறந்தபோது வடாற்காடு மாவட்டத்தின் தலைநகர் சித்தூராக இருந்தது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமான பிறகே அந்த இடம் வேலூருக்கு வந்தது. பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தரான மு. ஆனந்தகிருஷ்ணன் 1928-இல் பிறந்த வாணியம்பாடி அன்று வடாற்காட்டில் இருந்தது. 2019-இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் அது திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. நிகழ்ச்சி நடந்த காலத்தின் மாவட்டப் பெயரை எழுதி, இன்றைய பெயரை அடைப்புக்குறிக்குள் ஒருமுறை மட்டும் தந்தால் போதும்.

அடுத்தது, பணி மாறிய அந்தத் திருப்பம். இங்கேதான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். ஆதிசேசையா யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்தவர். சென்னை திரும்பி 1971-இல் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய பின், 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். அவருக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, மாநிலக் கல்வித் துறையின் இயக்குநராகப் பள்ளிகளை ஊர் ஊராக அறிந்தவர். ஒருவர் துறைக்குள்ளிருந்து வந்தார், மற்றவர் உலக அமைப்பிலிருந்து வந்தார். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் இருவரையும் ‘சிறந்த நிர்வாகி’ என்ற ஒரே சொல்லில் அடக்குவது சோம்பேறித்தனம். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002-இல்தான் தோன்றியது என்பதால், ஆதிசேசையாவின் காலத்தில் வேலூர் ஊரிசு கல்லூரி, முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி போன்றவையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழேயே இருந்தன. ஆகவே அன்றைய முடிவுகள் இவ்வூர் மாணவர்களை எப்படித் தொட்டன என்பதையும் நீங்கள் தேட முடியும்.

துணைவேந்தரின் அதிகாரத்தை அளப்பதற்கு அந்தப் பல்கலைக்கழகச் சட்டத்தைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு (சிண்டிகேட்), கல்விக்குழு, பேரவை (செனட்) ஆகியவற்றின் இசைவின்றிப் பெரிய முடிவு எதுவும் நிலைக்காது; அவசர நேர்வில் தாமே முடிவெடுத்துப் பின்னர் குழுவுக்குத் தெரிவிக்கும் பிரிவும் இத்தகைய சட்டங்களில் பொதுவாக உண்டு. ஆட்சிக்குழு நடவடிக்கைக் குறிப்புகளில் அந்தப் பிரிவை அவர் எத்தனை முறை பயன்படுத்தினார், உறுப்பினர்கள் மறுத்தபோது தீர்மானத்தைத் திரும்பப் பெற்றாரா, திருத்திக் கொண்டுவந்தாரா என்று பாருங்கள். பத்துப் பாராட்டுரைகள் சொல்லாததை இந்த ஒரு தேடல் சொல்லிவிடும்.

அரசுப் பணிக் காலத்துக்கு அரசாணைகளே அடிப்படை. பழையவற்றை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். ஓர் அரசாணையைக் கையில் எடுத்தால் கீழே உள்ள கையொப்பத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். எண்ணுக்கும் நாளுக்கும் அடுத்து ‘படிக்கப்பட்டவை’ என்று ஒரு சிறு பட்டியல் இருக்கும். எந்த இயக்குநரின் எந்தக் கடிதம் முதலில் வந்தது என்பது அதில் தெரியும். யோசனை யாருடையது, ஒப்புதல் யாருடையது என்று பிரித்தறிய அந்த இரண்டு மூன்று வரிகள் போதும். பல்கலைக்கழகக் கோப்புகளுக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். பதிலுக்கான வரம்பு 30 நாள். ‘அனைத்துக் கோப்புகளும் வேண்டும்’ என்று கேட்டால் எதுவும் வராது. கூட்டத்தின் நாளையும் பொருளையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பெருமையைப் பங்கிடுவதில் கவனம் தேவை. அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக 1990 முதல் 1996 வரை இருந்த ஆனந்தகிருஷ்ணன், பின்னாளில் பொறியியல், மருத்துவ நுழைவுத் தேர்வை ஆராய்ந்த அரசுக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். தேர்வு வேண்டாம் என்று பரிந்துரைத்தது அந்தக் குழு. அதை நீக்கியது 2006-இல் சட்டமன்றம் இயற்றிய சட்டம். ‘அவர் நுழைவுத் தேர்வை ஒழித்தார்’ என்று எழுதினால் படிக்க விறுவிறுப்பாக இருக்கும், ஆனால் தவறு.

நேர்காணலுக்கு முன்னாள் அமைச்சர்களைவிட ஓய்வுபெற்ற பிரிவுக் கண்காணிப்பாளர்களையும் உதவியாளர்களையும் தேடிச் செல்லுங்கள். ‘ஐயா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமானவர்’ என்ற பதில்தான் கிடைக்கும். கோப்பு அவர் மேசையில் எத்தனை நாள் தங்கும், ஓரத்தில் என்ன எழுதுவார், எதைத் திருப்பி அனுப்புவார் என்று கேளுங்கள். சொன்னவரின் பெயரை வெளியிட அவரது இசைவை முன்பே பெற்றுக்கொள்ளுங்கள்.

பணி நியமனச் சர்ச்சையோ மாணவர் போராட்டமோ இருந்திருந்தால் அதை விட்டுவிடக் கூடாது. வதந்தியை விலக்கி, தீர்ப்போ விசாரணை அறிக்கையோ சொல்லும் அளவுக்கு மட்டும் எழுதுங்கள். அவர் இன்றும் நம்மிடையே இருப்பவரானால், நாள்களும் பதவிப் பெயர்களும் உள்ள பக்கங்களை மட்டும் சரிபார்க்கத் தரலாம். உங்கள் மதிப்பீடு அடங்கிய பக்கங்களை அச்சுக்குப் போகும்முன் அவரிடமோ குடும்பத்தாரிடமோ காட்டுவதில்லை என்று தொடக்கத்திலேயே பணிவாகச் சொல்லிவிடுங்கள்.