ரிகர்விலிருந்து லாங்போவுக்கு: குறி தவறாமலிருக்க

ரிகர்வ் என்ற, முனைகள் வெளிப்பக்கம் வளைந்த வில்லிலிருந்து லாங்போ என்ற எளிய நீண்ட வில்லுக்கு மாறுகிறீர்களா? முதலில் அம்பைப் பாருங்கள். ரிகர்வில் கைப்பிடி நடுவரை வெட்டப்பட்டிருக்கும். லாங்போவில் அம்பு கைப்பிடியைச் சுற்றி வளைந்து போக வேண்டும். அதனால் ரிகர்வுக்கு வாங்கிய விறைப்பான அம்பு, வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் விலகும். பலர் இதைத் தங்கள் கைப்பிழை என்று நினைத்து நாள்களை வீணாக்குகிறார்கள். எளிதில் வளையும் அம்புத் தண்டு வாங்குங்கள், அல்லது முனையின் எடையைக் கூட்டிப் பாருங்கள். அம்பின் வாலில் பிளாஸ்டிக் இறக்கை வேண்டாம். கைப்பிடியில் உரசும்போது மடங்கிக்கொடுப்பது நிஜ இறகுதான்.

நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் 6 முதல் 7 அங்குலம்: முஷ்டி பிடித்துக் கட்டைவிரலை நிமிர்த்தினால் வரும் அளவு. தயாரிப்பாளர் சொன்ன அளவே முக்கியம்.

பிடியில் மணிக்கட்டை உயர்த்தாதீர்கள். பெருவிரல் மேட்டின் அடிப்பகுதி வில்லைத் தாங்கட்டும், முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும். வில் எடை குறைவு என்பதால் விடும் கணத்தின் சின்ன அசைவும் அம்பில் தெரியும். அம்பு இலக்கைத் தொடும்வரை வில்கை இறங்கக்கூடாது.

இழுவிசையை உங்கள் ரிகர்வைவிட 5 பவுண்டாவது குறைத்து, 10 மீட்டரில் தொடங்குங்கள். அம்புகள் ஒன்றாகக் குவியாதவரை தூரத்தைக் கூட்டாதீர்கள்.