ஸ்பீக்கர் வாங்கும் முன் கேட்டு ஒப்பிடும் முறை

இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது ஒலி அளவை முதலில் சமன்படுத்த வேண்டும். ஒரு டெசிபலுக்கும் குறைவான வேறுபாட்டைக்கூட, சத்தம் கூடியதாக அல்லாமல் தெளிவு கூடியதாகவே காது எடுத்துக்கொள்கிறது. உணர்திறன் (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற அளவு) 90 டெசிபல் கொண்ட ஸ்பீக்கர், 87 டெசிபல் கொண்டதைவிட அதே வோல்டேஜில் 3 டெசிபல் உரக்க ஒலிக்கும் என்பதால், குமிழைத் தொடாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக் காட்டும் கடைக்காரரிடம் ஒவ்வொரு முறையும் ஒலியைச் சரிசெய்யும்படி தயங்காமல் கேளுங்கள். நீங்கள் அமரும் இடத்தில் கைபேசியை அசையாமல் வைத்து, ஒலி அளக்கும் செயலியில் பார்த்தால் போதுமானது.

நன்கு கேட்டுப் பழகிய பதிவுகளையே கொண்டுசெல்லுங்கள். கடையில் போட்டுக் காட்டும் பதிவுகள் பெரும்பாலும் எந்த ஸ்பீக்கரிலும் இனிமையாகவே இருக்கும். என் கணிப்பில் மனிதக் குரலே சிறந்த உரைகல்: 'ச', 'ஷ' ஒலிகள் காதில் குத்தினால், அந்த ஸ்பீக்கரை நீண்ட நேரம் கேட்க இயலாது.

வீட்டில் இரு ஸ்பீக்கர்களும் நீங்களும் ஏறத்தாழச் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். ட்வீட்டர், அதாவது கீச்சொலிகளைத் தரும் சிறிய ஒலிப்பான், காது உயரத்தில் இருக்கட்டும். ஸ்பீக்கர் அறையின் மூலையை நெருங்க நெருங்க பேஸ் (தாழ்ந்த ஒலி) பெருத்து, குரலை மூடிவிடும். பிறகு நண்பர் ஒருவர் பக்கச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை மெல்ல நகர்த்தட்டும்; எவ்விடத்தில் ட்வீட்டர் உங்களுக்குத் தெரிகிறதோ, அங்கே ஒலி சுவரில் பட்டு உங்களிடம் திரும்பும் என்பதால், அவ்விடத்தில் தடித்த திரையையோ புத்தக அலமாரியையோ வையுங்கள். விலையுயர்ந்த கேபிளுக்குச் செலவிடும் பணத்தை இதற்குச் செலவிடலாம். சில மீட்டர் தொலைவுக்குப் போதிய தடிமனுள்ள சாதாரணச் செம்புக் கம்பியே தாராளம்.