மதக் கட்டுரையில் தகராறு வந்தால்: விக்கிப்பீடியா தொகுப்பாளர்களுக்குச் சில வழிகள்

விக்கிப்பீடியாவில் ஒரு கோயிலைப் பற்றியோ நாயன்மாரைப் பற்றியோ எழுதப் போனவர்களுக்கு இது சீக்கிரமே நடக்கும். காலையில் நீங்கள் திருத்தியதை மதியத்துக்குள் யாரோ எடுத்திருப்பார், நீங்கள் திரும்பப் போடுவீர்கள், அவர் திரும்ப எடுப்பார், ராத்திரி பதினொரு மணிக்கு, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் கோபமாக நீளமான பதில் ஒன்றை அடித்துக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பதிலைச் சேமிக்காதீர்கள். தூங்கி எழுந்து, கீழே இருப்பதைப் படித்துவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

முதல் வேலை, யார் எதை மாற்றினார் என்று காட்டும் 'வரலாறு' பக்கத்துக்குப் போய் அவர் உண்மையில் எந்தச் சொல்லைத் தொட்டிருக்கிறார் என்று பார்ப்பது. பெரும்பாலும் உங்கள் தொகுப்பு முழுவதையும் அவர் மீளமைத்திருப்பார், அதாவது பழையபடியே ஆக்கியிருப்பார், ஆனால் அவருக்குப் பிடிக்காதது ஒரே ஒரு வரியாக இருக்கும். நான் ஒரு முறை ஒரு கோயில் கட்டுரையில் 'மூவாயிரம் ஆண்டுப் பழமை' என்பதை எடுத்துவிட்டுக் கல்வெட்டில் கிடைக்கும் காலத்தைப் போட்டேன், அந்த வேகத்தில் தல புராணக் கதையும் போய்விட்டது. எதிரே இருந்தவர் மூன்று நாள் என்னோடு மல்லுக்கட்டினார். அவர் ஆண்டுக் கணக்குக்காகத்தான் சண்டை போடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டு கல்வெட்டு எண்களாக அடுக்கிக்கொண்டே போனேன். கடைசியில் பார்த்தால், சின்ன வயதிலிருந்து கேட்ட கதை கட்டுரையில் இல்லாமல் போனதுதான் அவருக்கு வருத்தம். 'தல வரலாறு' என்று ஒரு பிரிவு போட்டுக் கதையை அங்கே வைத்தோம், 'கல்வெட்டுகள்' என்று இன்னொரு பிரிவில் காலத்தை வைத்தோம், சண்டை அன்றைக்கே முடிந்தது. அதற்குப் பிறகு கல்வெட்டுகளைப் படமெடுத்துப் பதிவேற்றியவரும் அவர்தான்.

ஆகவே பேச்சுப் பக்கத்தில் முதலில் கேளுங்கள். இப்படி எழுதினால் போதும்: "வணக்கம். இரண்டாம் பத்தியில் 'கட்டுக்கதை' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'தல புராணம் கூறுகிறது' என்று மாற்றலாம் என நினைக்கிறேன். உங்கள் மறுப்பு அந்தச் சொல்லுக்கா, முழு வரிக்குமா?" இதில் அவருடைய மதம் இல்லை, சாதி இல்லை, நோக்கம் இல்லை. பயனர் பெயரை வைத்து 'நீங்கள் இன்ன ஆள், அதனால்தான் இப்படி' என்று ஒரு வரி எழுதிவிட்டீர்களென்றால் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் கட்டுரையைப் பற்றி யாருமே பேச மாட்டார்கள்.

சரி, இனி முக்கியமான விஷயம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சொந்தக்காரர் வேண்டும். மதக் கட்டுரைகளில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை 'இது நடந்ததா, நடக்கவில்லையா' என்ற சண்டைகள், அதைத் தீர்த்துவைக்கத் தன்னார்வத் தொகுப்பாளர்களான நமக்கு வழியும் இல்லை, அது நம் வேலையும் இல்லை. யார் சொல்கிறார், எப்போது சொன்னார், யார் மறுக்கிறார் என்பதை நம்மால் தீர்க்க முடியும்.

மதுரையில் பாண்டியன் முன்னால் சைவ நாயன்மாரான சம்பந்தரிடம் வாதில் தோற்றுச் சமணர்கள் எண்ணாயிரம் பேர் கழுவேறிய செய்தியை எடுத்துக்கொள்வோம். இதைவிடச் சூடான பொருள் தமிழில் அதிகம் இல்லை. ஒருவர் 'சைவர்கள் செய்த படுகொலை' என்று போடுவார், இன்னொருவர் 'சைவத்தின் மேல் போட்ட பழி' என்று பத்தியையே அழிப்பார். இரண்டு பேரும் ஏழாம் நூற்றாண்டு மதுரையில் என்ன நடந்தது என்றுதான் வாதாடுகிறார்கள். நாம் அங்கே போக வேண்டியதில்லை. சம்பந்தரும் அந்தப் பாண்டியனும் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள். கழுவேற்றத்தை விரிவாகப் பாடும் சேக்கிழாரின் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு நூல், அவருக்கு முன்னால் நம்பியாண்டார் நம்பியும் இதைக் குறிப்பிடுகிறார். அக்காலச் சமண நூல்களில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை என்று ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள், வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி இதை வரலாறாக ஏற்கவில்லை. இந்த நான்கு செய்திகளையும் அவரவர் பெயரோடு வரிசையாக வைத்துவிட்டால், படுகொலை என்று நம்புகிறவரும் பழி என்று நம்புகிறவரும் தங்கள் சான்று உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். நடுவில் 'உண்மையில்' என்று தொடங்கும் வாக்கியம் மட்டும் வேண்டாம்.

இதிலே வினைச்சொல்லைக் கவனியுங்கள், தமிழில் வினைச்சொல்லே கட்சி கட்டிவிடும். 'கழுவேறினர்' என்றால் தாங்களே ஏறினார்கள், 'கழுவேற்றப்பட்டனர்' என்றால் யாரோ ஏற்றினார்கள். எந்த நூலின் பெயரில் எழுதுகிறீர்களோ அந்த நூலைத் திறந்து பார்த்து அது சொல்கிறபடி எழுதுங்கள். 'கூறுகிறது', 'குறிப்பிடுகிறது', 'என்பது அவர்கள் நம்பிக்கை' எல்லாம் சரி. 'தோலுரித்தார்', 'புளுகு', 'மறுக்க முடியாதபடி நிறுவினார்' எல்லாம் வேண்டாம். ஒரு மதத்தின் அற்புதத்துக்குத் 'தொன்மம்' என்றும் இன்னொரு மதத்தின் அற்புதத்துக்கு 'வரலாறு' என்றும் தலைப்பு வைக்கிறோமா என்று இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்ப்பதும் நல்லது. அந்த ஏற்றத்தாழ்வு வாசகருக்கு உடனே தெரிந்துவிடும், எழுதியவருக்குத்தான் தெரியாது.

சொந்தக்காரரைத் தேடப் போனால் சண்டையே தேவையில்லாமல் போவதும் உண்டு. நந்தனார் கட்டுரையில் அவரைச் சிதம்பரம் போகவிடாமல் தடுத்த வேதியரைப் பற்றி இரண்டு பேர் சண்டை போட்டால், அந்தப் பாத்திரம் பெரியபுராணத்திலேயே இல்லை, 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய நந்தனார் சரித்திரத்தில் வருவது என்று எடுத்துக் காட்டுங்கள். 'சேக்கிழார் சொல்வது', 'பாரதியார் சேர்த்தது' என்று இரண்டு பத்தியாகப் பிரித்ததும் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். நந்தனார் தீயில் மூழ்கி முனிவர் வடிவில் எழுந்தார் என்பது சேக்கிழாரின் வாக்கு, அவர் கொல்லப்பட்டார் என்பது பிற்காலத்தில் கதையை வேறு விதமாகப் படித்தவர்களின் வாக்கு. அப்படிப் படித்தவர் யார், எந்த நூலில் என்று சான்றோடு வந்தால் அதற்கும் இடம் உண்டு, சான்று இல்லாமல் வந்தால் வரியின் பக்கத்தில் 'சான்று தேவை' என்று காட்டும் வார்ப்புருவைப் போட்டுக் கொஞ்ச நாள் காத்திருங்கள்.

அடுத்தது சொந்த ஆய்வு. திருவள்ளுவர் எந்தச் சமயத்தவர் என்ற கேள்வி வந்தால் இது கட்டாயம் வரும். ஒருவர் 'மலர்மிசை ஏகினான்' என்பதைக் காட்டிச் சமணர் என்பார், இன்னொருவர் 'இந்திரனே சாலுங் கரி' என்பதைக் காட்டி வேத மரபு என்பார், இருவரும் குறளை நன்றாகப் படித்தவர்களாகவே இருப்பார்கள். அவர்களுடைய விளக்கம் அழகாகவும் இருக்கலாம். ஆனால் தொகுப்பாளர் தானே குறளைப் பொருள்கொண்டு முடிவு சொல்வதற்குக் கட்டுரையில் இடமில்லை. 'இந்தத் தொடரைக் கொண்டு வள்ளுவரைச் சமணர் என்று கருதுபவர் இன்னார்' என்று பதிப்பான நூலைக் காட்டி எழுதலாம். இதை எதிர்த் தரப்பிடம் சொல்லும்போது 'உங்கள் கருத்து தவறு' என்று சொல்லாதீர்கள். 'இதே கருத்தை அச்சில் சொன்னவர் இருப்பார், சேர்ந்து தேடலாம்' என்று சொல்லிப் பாருங்கள், ஆள் மாறிவிடுவார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டுரையின் ஓரத்தில் வரும் தகவல் பெட்டியிலும், கட்டுரைகளை வகை பிரிக்கும் பகுப்பிலும்தான் சண்டை மிகவும் கசப்பாக இருக்கும், காரணம் அங்கே 'இன்னார் சொல்கிறார்' என்று எழுத இடமில்லை. ஒரே சொல், ஆம் அல்லது இல்லை. வள்ளுவருக்குச் 'சமயம்' என்ற கட்டத்தில் எதைப் போட்டாலும் ஒரு தரப்பைக் காயப்படுத்துவீர்கள், அதனால் அதைக் காலியாக விட்டுவிட்டு உடற்பகுதியில் ஒரு பிரிவு எழுதுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2016இல் நடந்த ஒரு கருத்துக் கேட்புக்குப் பிறகு, ஆட்களுக்கான பொதுத் தகவல் பெட்டியிலிருந்து மதம் என்ற கட்டத்தையே எடுத்துவிட்டார்கள். உயிரோடு இருப்பவர் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும், நடிகரோ அரசியல்வாதியோ தன் வாயால் தன் மதத்தைச் சொல்லாதவரை பெயரை வைத்தோ பெற்றோரை வைத்தோ அவரைப் பகுப்பில் போடக் கூடாது.

இதே சிக்கல் 'அவர்கள் இந்த மதமா' என்ற கேள்வியிலும் வரும். அகமதியாக்கள் தங்களை முஸ்லிம்கள் என்கிறார்கள், பாகிஸ்தான் 1974இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அவர்களை முஸ்லிம் அல்லாதவர் என்று அறிவித்தது. அய்யாவழியைத் தனிச் சமயம் என்று அதைப் பின்பற்றும் பலர் சொல்கிறார்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர்களை இந்துக்களோடு சேர்த்து எண்ணுகிறது. கர்நாடகத்தில் லிங்காயத்துகள் தனி மதமா என்பது 2018இல் மாநில அரசே பரிந்துரை அனுப்பும் அளவுக்குப் போனது. இங்கே எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு: ஒரு கூட்டம் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறது என்பது முதல் பத்தியில் வர வேண்டும், அதை ஏற்காதவர் யார், எந்த அதிகாரத்தில் ஏற்கவில்லை என்பது உடனே அடுத்த வரியில் வர வேண்டும். எதையும் அடிக்குறிப்பில் ஒளித்துவைக்கக் கூடாது.

மரியாதைச் சொற்கள் பற்றிச் சுருக்கமாக. முகம்மது நபி பெயருக்குப் பின் (ஸல்), மடாதிபதி பெயருக்கு முன் ஸ்ரீலஸ்ரீ, பாதிரியார் பெயருக்கு முன் வணக்கத்துக்குரிய, எல்லாவற்றுக்கும் ஒரே விதி, கட்டுரை நடையில் அவை வேண்டாம். ஆனால் எடுக்கும்போது, சேமிப்பதற்கு முன் காரணம் எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் 'நடைக்காக, எல்லாச் சமயக் கட்டுரைகளிலும் இப்படியே' என்று எழுதுங்கள், வெறுமனே அழித்தால் அவமதிப்பாகத்தான் தெரியும். முருகன் வந்தானா வந்தாரா என்பதற்கு இரண்டு வழக்கமும் தமிழில் உண்டு. ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே கடைப்பிடியுங்கள், அதற்காகச் சண்டை போடாதீர்கள். கி.பி.யைப் பொ.ஊ. (பொது ஊழி) ஆக்குவதும் பொ.ஊ.வைக் கி.பி. ஆக்குவதும் அதே போலத்தான், தொடங்கியவர் எதைப் போட்டாரோ அதை விட்டுவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் முடியவில்லையென்றால் வெளியாட்களைக் கூப்பிடுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் அதற்கு ஆலமரத்தடி என்ற பொது விவாதப் பக்கம் இருக்கிறது. அங்கே எழுதும்போது உங்கள் வாதத்தை எழுதாமல் கேள்வியை மட்டும், எதிர்த் தரப்பும் 'ஆமாம், இதுதான் கேள்வி' என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த நான்கு பேருக்குத் தனியாகச் செய்தி அனுப்பி வாக்குச் சேர்க்காதீர்கள், வேறு பெயரில் இன்னொரு கணக்கைத் திறந்து உங்களுக்கு நீங்களே ஆமாம் போடாதீர்கள். ஒரே பக்கத்தை 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக் கூடாது என்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் விதி. என் பழக்கம் ஒரு முறையோடு நிறுத்திவிட்டுப் பேச்சுப் பக்கத்துக்குப் போய்விடுவது.

பெரிய தகராறு எப்படித் தீர்கிறது என்று பார்க்க, ஆங்கில விக்கிப்பீடியாவில் முகம்மது நபி கட்டுரையின் படங்கள் பற்றிய விவாதத்தைப் படியுங்கள். பழைய பாரசீக, துருக்கிய ஓவியங்களில் அவர் உருவம் வரையப்பட்டிருக்கிறது, அவற்றை எடுக்கச் சொல்லி 2008இல் இணையத்தில் பெரிய கையெழுத்து இயக்கமே நடந்தது. எடுக்கவில்லை. ஆனாலும் வாதம் ஓயாமல், பெரிய தகராறுகளை விசாரிக்கும் நடுவர் குழு வரை போய், 2012இல் தொகுப்பாளர் சமூகம் முழுவதையும் கேட்டார்கள். 'படம் வேண்டுமா வேண்டாமா' என்று ஒரே கேள்வியாகக் கேட்காமல் எங்கே, எந்த மாதிரிப் படம் என்று பிரித்துப் பிரித்துக் கேட்டார்கள். விவாதத்தில் கலந்துகொள்ளாத மூன்று நிர்வாகிகள் முடிவைத் தொகுத்தார்கள். இன்று கட்டுரையின் தொடக்கத்தில் அவர் பெயரின் எழுத்தோவியம் இருக்கிறது, உருவ ஓவியங்கள் உள்ளே இருக்கின்றன, பார்க்க விரும்பாதவர் தன் திரையில் படங்களை எப்படி மறைப்பது என்ற விளக்கமும் பேச்சுப் பக்கத்தில் கிடைக்கிறது. எனக்கு அந்தக் கடைசி விளக்கம் மிகவும் பிடிக்கும். 'உன் வருத்தம் தெரிகிறது, கட்டுரையை மாற்ற முடியாது, உனக்கு இதைச் செய்து தர முடியும்' என்று அது சொல்கிறது.

தனக்கு நேரடித் தொடர்புள்ள மடத்தைப் பற்றியோ சபையைப் பற்றியோ எழுதுபவர் வந்தால், திட்டாமல் அவரைப் பேச்சுப் பக்கத்தில் பரிந்துரை செய்யச் சொல்லுங்கள். அவரிடம் நமக்குக் கிடைக்காத பழைய மலர்களும் படங்களும் இருக்கும். கூட்டமாக அமைப்பே இறங்கிவிட்டால் வேறு கதை, சயின்டாலஜி அமைப்பின் இணைய முகவரிகளிலிருந்து தொகுக்க ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழு 2009இல் தடை போட்டது.

உடன்பாடு வந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேச்சுப் பக்கத்தின் தலையில் நான்கு வரி எழுதிவையுங்கள்: எதைப் பற்றித் தகராறு, எப்போது பேசினோம், எந்த வாக்கியத்துக்கு ஒப்புக்கொண்டோம், புதிய சான்று கிடைத்தால் எங்கே சொல்ல வேண்டும். எதிர்த் தரப்பில் இருந்தவரையும் அந்தக் குறிப்பில் கையொப்பமிடச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் ஒரு புதியவர் வந்து அதே வரியை அழிக்கும்போது, உங்களுக்கு முன்னால் போய் அந்தக் குறிப்பைக் காட்டுகிறவர் அவராகவும் இருக்கலாம்.