எடை மெஷினைக் கொஞ்சநாள் ஓரமாக வையுங்கள்: புதிதாக நடக்கத் தொடங்குபவர்களுக்கு ஆறு வாரச் செய்முறை

நடைப்பயிற்சியைத் தொடங்கிய பத்தாம் நாளே கைவிட்டவன் நான். அன்று எடை பார்த்தால் 800 கிராம் கூடியிருந்தது. வேர்க்க விறுவிறுக்க நடந்தும் ஏறுகிறதென்றால் எதற்கு நடப்பானேன் என்று ஷூவைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

அது கொழுப்பு இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. புதிதாக வேலை வாங்கப்படும் தசை, கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைக் கூடுதலாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் தங்கும். எடை மெஷினுக்குத் தண்ணீரும் ஒன்றுதான், தொப்பையும் ஒன்றுதான். அதனால்தான் இந்தச் செய்முறை எடையிலிருந்து தொடங்கவில்லை.

நெஞ்சுவலி, நடந்தால் தலைசுற்றல், சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை: இவற்றில் எது இருந்தாலும் முதலில் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 1: நோட்டில் நான்கு எண்கள்

இடுப்பளவு: தையல் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். பேன்ட் கட்டும் இடத்தில் அளக்காதீர்கள், அது தொப்பைக்குக் கீழே இறங்கி நம்மை ஏமாற்றும். வயிற்றை எக்கவும் கூடாது (யாரும் பார்க்கவில்லை). இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. என்பது கவனிக்க வேண்டிய எல்லை.

இடுப்பளவு என்றதும் லண்டன் பஸ்காரர்கள் கதை நினைவுக்கு வருகிறது. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், அங்கே இரட்டை மாடி பஸ்களில் வேலை பார்த்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு இதயநோய் அதிகம். டிரைவர்கள் குண்டாக இருந்திருப்பார்கள், அதனால்தான் என்று சொல்லத் தோன்றும், இல்லையா? அவரது குழு அதையும் விடவில்லை. சீருடை தைத்த கணக்கை எடுத்துக் கால்சட்டை இடுப்பளவைப் பார்த்தது. டிரைவர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே இடுப்பளவுள்ளவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் கண்டக்டரே தேவலை. உடம்பை அசைப்பதன் பலன், ஒல்லியாவதைத் தாண்டியும் இருக்கிறது.

நாடித்துடிப்பு: காலையில் எழுந்ததும், காபிக்கு முன்னால், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு. ரத்த அழுத்த மாத்திரைகள் சில இதைக் குறைத்துக் காட்டும். அவற்றைச் சாப்பிடுபவர்கள் இந்த எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாற்காலிக் கணக்கு: கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டி, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது வரையுள்ள ஆண் 14க்கும், பெண் 12க்கும் கீழே போனால் கால் வலு குறைவு என்று கொள்கிறார்கள். நாற்பது வயதில் நான் 13 எடுத்தேன்.

நான்காவது, எடை. எழுதிவிட்டு மெஷினை அலமாரிக்கு மேலே வைத்துவிடுங்கள்.

படி 2: நடை

முதல் இரண்டு வாரம் தினம் 15 நிமிடம், அடுத்த இரண்டு வாரம் 22, கடைசி இரண்டில் 30. வாரத்துக்கு ஐந்து நாள். கடைசியில் வாரம் 150 நிமிடம் வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவும் அதுதான்.

வேகத்துக்கு வாட்ச் வேண்டாம். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் அது உலாத்தல். சேர்ந்தாற்போல் நேரம் கிடைக்காதவர்கள் காலையில் பாதி, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பாதி என்று பிரித்துக்கொள்ளலாம். சாப்பிட்டபின் நடந்தால் வேலை செய்யும் தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

படி 3: வலு, வாரம் இரண்டு நாள்

நாற்காலியில் எழுந்து உட்காருதல் 10, சுவரில் கை ஊன்றித் தண்டால் 10, குதிகாலைத் தூக்கி நிற்றல் 10. இதை இரண்டு சுற்று. பலர் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். நடை மட்டும் போதும் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். சாப்பாட்டைக் குறைத்து, தசைக்கு வேலையும் கொடுக்காமல் விட்டால், குறைகிற எடையில் தசையும் சேர்ந்து போய்விடும்.

படி 4: தட்டு

70 கிலோ ஆள் அரைமணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி. ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் அதைத் தாண்டிவிடும். ஒரு கிலோ கொழுப்பில் இருப்பதோ ஏறக்குறைய 7,700 கலோரி. வேறெதையும் மாற்றாமல் தினமும் நடந்தாலும், ஒரு கிலோ குறைய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். எடை முக்கியமாகக் குறைவது தட்டில்தான். நடையோ இதயத்துக்கும் மூச்சுக்கும் காலுக்கும் வேலை செய்கிறது, குறைந்த எடை திரும்ப ஏறாமலிருக்கவும் கைகொடுக்கிறது. பட்டினி வேண்டாம். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, பொரியலிலும் சுண்டலிலும் அதைச் சரிக்கட்டுங்கள்.

படி 5: 42ஆம் நாள்

அதே நாற்காலி, அதே டேப், அதே காலை நேரம். இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தபோது என் நாடி 82இலிருந்து 75க்கு வந்தது, நாற்காலி 13இலிருந்து 18 ஆனது, இடுப்பில் 3 செ.மீ. போயிருந்தது. எடை 600 கிராம் மட்டுமே. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றி இருக்கும் கொழுப்பு, எடை அவ்வளவாக அசையாதபோதும் பயிற்சியால் குறையும்.

உங்களுக்கு நாடி இறங்கி, நாற்காலி எண் ஏறி, இடுப்பு மட்டும் அப்படியே நின்றால் நான்காம் படிக்குப் போங்கள். இடுப்பு குறைந்தும் மாடிப்படியில் மூச்சு வாங்கினால் இரண்டாம் படியில் வேகம் போதவில்லை, நடுநடுவே ஒரு நிமிடம் விரைந்து நடந்து பாருங்கள். நாற்காலி எண் அசையவே இல்லையா? மூன்றாம் படியை எத்தனை நாள் செய்தீர்கள் என்று நோட்டைப் புரட்டுங்கள்.

பிறகு அடுத்த 42 நாளுக்கு ஒரு புதுப் பக்கம்.